ஐந்து ரூபாய்ப் பயணிக்கு எங்கே இடம்?

என் அம்மா சித்தாள் வேலை செய்தவர். மணவூருக்கும் கடம்பத்தூருக்கும் இடையில் இருக்கும் எங்கள் காலனியிலிருந்து விடியும் முன் கிளம்பி, லோக்கல் பிடித்து, அம்பத்தூரில் ஆள் நிற்கும் இடத்துக்கு ஏழரை மணிக்குள் போய் நிற்க வேண்டும். மேஸ்திரிகள் வந்து ஆள் பொறுக்குவார்கள். எட்டு மணியைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அதனால் "கூட்டமாக இருக்கிறது, அடுத்த வண்டியில் போகலாம்" என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்த வண்டி என்பது மாதச் சம்பளக்காரர்களுக்கு உள்ள வசதி.

வண்டி வந்து நின்றதும் அம்மா சோற்றுத் தூக்கை முதலில் உள்ளே நீட்டுவார். யாராவது வாங்கிக்கொள்வார்கள். பிறகுதான் அவர் ஏறுவார். அந்தத் தூக்கை வாங்கிய கை எந்தச் சாதிக்காரரின் கை என்று அம்மாவுக்குத் தெரியாது. வாங்கியவருக்கும் அது யார் வீட்டுச் சோறு என்று தெரியாது. எங்கள் ஊரின் பெரிய தெருவில் அதே தூக்கை அப்படி நீட்டியிருக்க முடியாது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. நெரிசலைப் பற்றிப் பேசும்போது இதையும் மறக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அந்த வண்டி எங்களுக்கு வெறும் போக்குவரத்து அல்ல. சாதி கேட்காத ஓர் இடம், அதுவும் ஐந்து, பத்து ரூபாய்க்கு.

அந்த இடத்தில்தான் இப்போது எங்களுக்கு நிற்க இடமில்லை.

ரயிலும் சாதியும்

இந்தியாவில் ரயில் பாதைகள் போடத் தொடங்கிய 1853ஆம் ஆண்டிலேயே காரல் மார்க்ஸ் எழுதினார்: ரயிலோடு வரும் நவீனத் தொழில், சாதிக்கு அடித்தளமான பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று. மூன்றே ஆண்டில், 1856இல், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. இன்றைக்கு நாங்கள் தொங்கிக்கொண்டு போகும் அரக்கோணம் தடம் அந்தப் பழைய வழிதான்.

சாதி கரைந்ததா? 1901ஆம் ஆண்டு சிறுவன் அம்பேத்கர், தன் தந்தையைப் பார்க்க சாத்தாராவிலிருந்து ரயிலில் போன கதையை நாம் அறிவோம். வண்டியில் அவருக்கு ஒன்றும் நேரவில்லை. மசூர் நிலையத்தில் இறங்கி, "மகர்" என்று சொன்ன பிறகுதான் நிலைய அதிகாரியின் முகம் மாறியது. மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். டிக்கெட் வாங்கியவரை ரயில் ஏற்றிக்கொண்டது, சாதி நிலையத்துக்கு வெளியே காத்திருந்தது. நம் பக்கத்திலும் ரயில் நிலைய உணவுச்சாலைகளில் பார்ப்பனர்களுக்குத் தனி இடம் ஒதுக்கும் வழக்கம் இருந்தது. சுயமரியாதை இயக்கம் விடாமல் எதிர்த்த பிறகு 1941இல்தான் அது ஒழிந்தது.

இன்றைக்கும் வண்டிக்குள் சாதி அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். உட்கார இடம் கிடைத்து, பேச்சு வளர்ந்தால் "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். சொன்னால் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி வரும். அது எதற்கான கேள்வி என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஆனால் என்னைக் கவலைப்பட வைப்பது இந்தக் கேள்வி அல்ல. யார் உட்கார்ந்து போகிறார்கள், யார் நின்று போகிறார்கள், யார் தொங்கிக்கொண்டு போகிறார்கள் என்பதை யாரும் கேள்வி கேட்காமலேயே முடிவு செய்துவிடும் ஏற்பாடு ஒன்று இருக்கிறதே, அதுதான்.

"ஏம்பா படியில நின்ன?"

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் வேலைக்குப் போகும்போது ஓடும் வண்டியிலிருந்து விழுந்து வலது கையை இழந்தார். பார்க்க வந்த எல்லோரும், என் அப்பா உட்பட, கேட்டது ஒரே கேள்விதான்: "ஏம்பா படியில நின்ன?" உள்ளே ஏன் இடமில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த அண்ணனும் தலையைக் குனிந்துகொண்டார், ஏதோ குற்றம் செய்தவரைப் போல.

2018 ஜூலை 24 காலை, கடற்கரையிலிருந்து திருமால்பூர் சென்ற மின்சார ரயிலின் படிக்கட்டில் நின்றவர்கள் பரங்கிமலை நிலையத்தில் கான்கிரீட் தடுப்புச் சுவரில் மோதி விழுந்தார்கள். சிலர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். அன்று உயரழுத்த மின்கம்பி அறுந்ததால் வண்டிகள் தாமதமாகிக் கூட்டம் சேர்ந்திருந்தது. வழக்கமாக லோக்கல் போகும் பாதையை விட்டு, விரைவு ரயில்கள் போகும் பாதையில் அந்த வண்டி திருப்பிவிடப்பட்டது. அந்தப் பாதையில் சுவர் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பது படியில் நின்றவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அதற்குப் பிறகு நாம் அதிகம் கேட்டது "படிக்கட்டில் பயணம் செய்யாதீர்கள்" என்ற அறிவிப்பைத்தான்.

ரயில்வே சட்டத்தின் 156ஆவது பிரிவு படியில் பயணிப்பதைக் குற்றமாக்குகிறது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு பெட்டிக்குள் எத்தனை பேரை அடைக்கலாம் என்ற வரம்பை மீறுபவர்களுக்கு என்ன தண்டனை என்று லோக்கல் பயணி கேட்டால் பதில் இல்லை.

இங்கே நம் மக்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படியில் நின்றதாலேயே இழப்பீட்டு உரிமை போய்விடாது. 2010இல் ஜமீலா வழக்கில், திறந்த கதவருகே நின்று விழுந்தது கவனக்குறைவாகவே இருந்தாலும் அது குற்றச் செயல் ஆகாது, இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018இல் ரீனா தேவி வழக்கில், உடலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்பதாலேயே அவர் பயணி இல்லை என்று முடிவு கட்டக்கூடாது என்றது. உயிரிழப்புக்கான இழப்பீடு 2017 முதல் 8 லட்சம் ரூபாய். ஓராண்டுக்குள் ரயில்வே உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். "அவன் படியில் நின்றான், அவன் தப்பு" என்று நாமே நம் பிள்ளைகளைக் குற்றவாளியாக்கிவிட்டு, அந்த ஓராண்டைக் கடத்திவிடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொள்ளும் பழக்கத்தைச் சாதி நமக்கு நன்றாகவே கற்றுக் கொடுத்திருக்கிறது.

மேம்பாடு யாருக்கு?

புறநகர் ரயிலை மேம்படுத்தத் திட்டங்களே இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்போம்: இதனால் ஐந்து ரூபாய் டிக்கெட் வாங்குபவருக்கு வண்டிக்குள் இடம் கிடைக்குமா?

2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை – செங்கல்பட்டு தடத்தில் குளிர்சாதன மின்சார ரயில் ஓடுகிறது. தானாக மூடும் கதவுகள், 12 பெட்டிகள். குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், அதிகபட்சம் 105. சாதாரண வண்டியில் குறைந்தபட்சம் 5 ரூபாய். ஏழு மடங்கு. குளிர்சாதன வண்டி வேண்டாம் என்பதல்ல என் வாதம். வெயிலில் வெந்து போகிறவருக்குக் குளிர்ந்த காற்று ஆடம்பரம் அல்ல. ஆனால் பாதுகாப்பான கதவு 35 ரூபாய்க்காரருக்கு, எச்சரிக்கை அறிவிப்பு 5 ரூபாய்க்காரருக்கு என்று பிரிப்பது மேம்பாடு இல்லை. ஒரு தடத்தில் ஒரு மணி நேரத்தில் இத்தனை வண்டிகள்தான் போக முடியும். நெரிசல் நேரத்தில் அதில் ஒன்றை அதிகக் கட்டண வண்டிக்குக் கொடுத்தால், அந்த நேரத்தைச் சாதாரண வண்டியிடமிருந்துதான் எடுக்க வேண்டும்.

2025 ஜூன் 9 அன்று மும்பையில் மும்ப்ரா அருகே எதிரெதிரே சென்ற இரண்டு லோக்கல் வண்டிகளின் படியில் தொங்கியவர்கள் உரசி விழுந்து இறந்தார்கள். அதன் பிறகு, குளிர்சாதனமில்லாத வண்டிகளுக்கும் தானாக மூடும் கதவுகளைப் பொருத்துவோம் என்று ரயில்வே அமைச்சகம் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் கதவை மட்டும் மூடினால் என்ன ஆகும்? படியில் தொங்கியவர் நடைமேடையில் நிற்பார். அவர் உயிர் பிழைப்பார், அன்றைய கூலி பிழைக்காது. நாளடைவில் அவர் வேலையே பிழைக்காது. கதவும் வேண்டும், ஐந்து நிமிடத்தில் அடுத்த வண்டியும் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று எங்களுக்கு உதவாது.

தடங்கள் பற்றிய கணக்கு இன்னும் வெளிப்படையானது. கும்மிடிப்பூண்டி தடத்தில் அத்திப்பட்டைத் தாண்டினால் இரண்டே பாதைகள். விஜயவாடா வழியாக டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் போகும் விரைவு வண்டிகள், சரக்கு வண்டிகள், லோக்கல் எல்லாம் அதே இரண்டில்தான். யாருக்கு முதலில் வழிவிட வேண்டும் என்ற கேள்வி வரும்போது பெரும்பாலும் நிற்பது லோக்கல்தான். கடற்கரை – எழும்பூர் நான்காவது பாதைக்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் 2024 அக்டோபர் இறுதி வரை கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்று தொடங்கி பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதமும் இறங்கி, ஏறி, பேருந்து மாறி, கூடுதலாகச் செலவழித்துப் போனவர்கள் யார் என்று வேளச்சேரி தடத்தில் போனவர்களைக் கேட்டால் தெரியும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தபோது, பக்கத்தில் ஓடும் ரயில் பாதையில் இறங்க ஒரு நிலையம் இல்லை. முனையம் முதலில், நிலையம் பிறகு. பயணியின் கால்களை வைத்து யோசிக்கும் எவரும் இந்த வரிசையில் வேலை செய்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது, பறக்கும் ரயிலைச் சென்னை மெட்ரோவோடு இணைக்கும் திட்டம். ரயில்வே வாரியம் 2025இல் இதற்குக் கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. இணைப்பால் வண்டிகள் கூடும், நிலையங்கள் சுத்தமாகும் என்கிறார்கள். நடக்கட்டும். ஆனால் மெட்ரோவின் கட்டணம் 10 ரூபாயில் தொடங்கி 50 வரை போகிறது. பறக்கும் ரயிலின் 5 ரூபாயும் அதன் சீசன் டிக்கெட்டும் என்ன ஆகும் என்பதை இணைப்புக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். இணைந்த பிறகு கட்டணத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

தள்ளிவிட்டவர்களும் தொங்குபவர்களும்

நெரிசலை மழை, வெயில் போல இயற்கையாக நடப்பதாகப் பேசுகிறார்கள். "மக்கள்தொகை பெருகிவிட்டது" என்று முடித்துவிடுகிறார்கள். மக்கள் எங்கே குடியிருக்கிறார்கள், எங்கே வேலை செய்கிறார்கள் என்பது தானாக நடப்பதல்ல.

பறக்கும் ரயிலே பக்கிங்காம் கால்வாய்க் கரையில் எழுந்தது. அந்தக் கரையிலும் கூவம், அடையாறு கரைகளிலும் குடிசை போட்டு, நடந்து போய் வேலை செய்தவர்கள் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். நகரத்தின் நடுவிலிருந்து 20, 30 கிலோமீட்டர். அவர்களில் தலித் குடும்பங்களின் பங்கு பெரியது. தூய்மைப் பணிக்கும் வீட்டு வேலைக்கும் அவர்கள் திரும்ப மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும்தான் வரவேண்டும். ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்துவிட்டு, வேலைக்கு மட்டும் சேரியிலிருந்து ஆள் வரச்சொன்ன கிராமத்துக்கும் இந்த நகரத்துக்கும் என்ன வேறுபாடு? கிராமத்தில் அந்தத் தூரம் ஒரு வயல். இங்கே இரண்டு மணி நேரப் பயணம். குடியிருப்புகளைக் கட்டியபோது கூடவே ரயிலைக் கொண்டுபோகவில்லை. இப்போது அந்தப் பக்கம் மெட்ரோ வருகிறது. வேளச்சேரிக்கு 2007இலேயே வந்துவிட்ட பறக்கும் ரயிலை, ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் பரங்கிமலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை 15 ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டது.

எங்களைப் போன்ற திருவள்ளூர், ராணிப்பேட்டை மாவட்டத்து மக்களின் கதை இதன் மறுபக்கம். எங்களை யாரும் நகரத்திலிருந்து வெளியேற்றவில்லை, உள்ளே வர விடவில்லை. நிலமில்லாதவர்களுக்கு ஊரில் வேலை இல்லை. நகரத்தில் வாடகைக்குப் போனால் முன்பணம் கேட்கிறார்கள், அதற்கு முன் சாதியைக் கேட்கிறார்கள். வீட்டு உரிமையாளர் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டதால் தினமும் 100 கிலோமீட்டருக்கு மேல் போய்வருகிற நண்பர்கள் எனக்கு உண்டு. நானும் அப்படித் திரும்பி வந்தவன்தான். லோக்கல் நெரிசலில் இந்தக் கேள்விக்கும் ஒரு பங்கு உண்டு.

"நஷ்டத்தில் ஓடுகிறது"

கூடுதல் வண்டி கேட்டால், புறநகர் ரயில் நஷ்டத்தில் ஓடுகிறது என்பார்கள். பயணச் செலவில் 57 சதவீதம்தான் பயணியிடமிருந்து கிடைக்கிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். கூலி வேலைக்குப் போகிறவரின் கையில், அவர் வாங்கும் டிக்கெட்டில், "நீ பிறர் காசில் போகிறாய்" என்று எழுதிக் கொடுப்பது எவ்வளவு பெரிய அவமதிப்பு! மேம்பாலத்தில் ஏறும் கார்க்காரரிடம் இந்தப் பாலத்தின் செலவில் நீ கொடுத்தது இவ்வளவுதான் என்று யாராவது சீட்டு கொடுக்கிறார்களா?

பணம் இல்லை என்பதும் உண்மை இல்லை. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய். அதுவும் தேவைதான். ஆனால் ஒரு நகரம் இவ்வளவு செலவழிக்க முன்வரும்போது, ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் பாதைகளில் கூடுதல் வண்டி விடக் காசில்லை என்று சொன்னால் அது பற்றாக்குறை அல்ல, தேர்வு. வந்தே பாரத் வண்டியை உருவாக்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப். எங்கள் தடத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. பெட்டி செய்யும் ஊரிலேயே பெட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டு போகிறோம்.

மாநில அரசுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று என் தங்கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அரக்கோணத்திலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வரும் பெண்ணுக்கு நகரப் பேருந்து வழி இல்லை, ரயில்தான். ரயில் ஒன்றிய அரசுடையது என்று சொல்லி ஒதுங்காமல், அந்தப் பெண்களின் சீசன் டிக்கெட்டுக்கான தொகையை மாநில அரசு ஏற்கலாம்.

என்ன கேட்க வேண்டும்?

ஒன்று, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி, செங்கல்பட்டு மூன்று தடங்களிலும் காலை 5 முதல் 9 வரையிலும் மாலை 5 முதல் 9 வரையிலும் சாதாரணக் கட்டண 12 பெட்டி வண்டிகளைக் கூட்ட வேண்டும். குளிர்சாதன வண்டி இவற்றுக்குக் கூடுதலாக வரலாம், பதிலாக வரக்கூடாது.

இரண்டு, கும்மிடிப்பூண்டி தடத்துக்கும் தாம்பரம் – செங்கல்பட்டு தடத்துக்கும் கூடுதல் பாதைகளை முடிக்கும் தேதியை அறிவிக்க வேண்டும். பணிகளுக்காகச் சேவையை நிறுத்தும்போது அதே டிக்கெட்டில் மாற்றுப் பேருந்து தர வேண்டும்.

மூன்று, பறக்கும் ரயில் மெட்ரோவோடு இணைந்தாலும் 5 ரூபாய்க் கட்டணமும் சீசன் டிக்கெட்டும் தொடரும் என்று உறுதி தர வேண்டும்.

நான்கு, மறுகுடியமர்த்தும் எந்தக் குடியிருப்பையும் ரயில் இல்லாத இடத்தில் கட்டக்கூடாது.

ஐந்து, புறநகர் வண்டிகளில் இருந்து விழுந்து இறந்தவர்கள், காயமடைந்தவர்கள் எண்ணிக்கையை நிலையம் வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். படியில் நின்றவருக்கு அபராதம் போடும் முன், அந்த வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கும் எழுதப்பட வேண்டும்.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. ஆனால் இவற்றைக் கேட்பவர்கள் இன்று பயணிகள் சங்கங்களில் மனு எழுதத் தெரிந்த சிலர் மட்டுமே. நம் அமைப்புகள் குடியிருப்புக்கும் இடஒதுக்கீட்டுக்கும் வன்கொடுமைக்கும் எதிராகத் தெருவில் நின்றிருக்கின்றன. லோக்கல் ரயிலை நம் பிரச்சினையாக எடுத்துக்கொண்டதில்லை. காலை ஐந்து மணி வண்டியில் இருப்பவர்கள் யார் என்று ஒருநாள் ஏறிப் பார்த்தால், இது யாருடைய பிரச்சினை என்று புரியும்.

அம்மாவுக்கு இப்போது முட்டி வலி. வேலைக்குப் போவதில்லை. தங்கை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள், அதே வண்டியில். தூக்கை உள்ளே நீட்டிவிட்டு ஏறும் பழக்கம் அவளுக்கும் வந்துவிட்டது. அவள் கிளம்பும்போது அம்மா இன்னும் "படியில நிக்காதம்மா" என்றுதான் சொல்கிறார். அதை அம்மா சொல்லட்டும், அது அக்கறை. ஆள்பவர்கள் சொன்னால் மட்டும், "உள்ளே இடம் எங்கே?" என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.